பக்கத்துல டேட்டா சென்டர் வருதாம், என்னதான் ஆகும்? – அடிக்கடி கேட்கிற கேள்விகள்

டேட்டா சென்டர் நல்லதா கெட்டதானு யாராவது கேட்டா நான் திருப்பி மூணு கேள்வி கேப்பேன். எத்தனை மெகாவாட், எந்தத் தண்ணி, லைன் போடுற செலவு யார் தலைல. இந்த மூணுக்கும் பதில் தெரியாம நல்லது கெட்டதுனு பேசுறது வெறும் கட்சிச் சண்டை. கீழ இருக்குறது எல்லாம் மறுபடி மறுபடி வர்ற கேள்விங்க, சிலதுக்கு நீளமா எழுதிருக்கேன் ஏன்னா அங்கதான் விஷயமே இருக்கு.

டேட்டா சென்டர்னா என்ன, பெரிய ஆபீஸ் மாதிரியா?

இல்ல. ஜன்னலே இல்லாத பெரிய குடோன் மாதிரி நினைச்சுக்கோங்க, உள்ள வரிசையா அலமாரி மாதிரி ரேக், ரேக் முழுக்க சர்வர், அதாவது நாம யூஸ் பண்ற வெப்சைட், ஏஐ எல்லாம் ஓடுற கம்ப்யூட்டர். ஆள் ரொம்ப கம்மி. உள்ள போற கரண்ட் கிட்டத்தட்ட முழுசும் சூடாத்தான் வெளிய வரும், அதனால இத ஒரு ராட்சச ஹீட்டர்னு சொன்னாலும் தப்பில்ல, நடுவுல கொஞ்சம் கணக்கு போட்டுத் தருது அவ்ளோதான். முன்னாடி ஒரு ரேக்குக்கு 5, 10 கிலோவாட் இருந்தா அதிகம், இப்ப ஏஐக்குனு வர்ற ரேக் ஒண்ணே 120 கிலோவாட்ட தாண்டுது. தண்ணி, சத்தம், லைன்னு மத்த பிரச்சனை எல்லாம் இந்த ஒரு விஷயத்துல இருந்து கிளம்புறதுதான்.

உலகத்து கரண்ட்ல இது ஒண்ணரை சதவீதம்தானே, இதுக்கு ஏன் இவ்ளோ கூச்சல்?

நம்பர் சரிதான். சர்வதேச எரிசக்தி முகமை 2025ல போட்ட கணக்குப்படி 2024ல உலகம் முழுக்க டேட்டா சென்டர் எல்லாம் சேர்ந்து சுமார் 41,500 கோடி யூனிட் எடுத்துச்சு, மொத்தத்துல 1.5 சதவீதம். 2030ல அது 94,500 கோடி யூனிட் ஆகும்னு கணிப்பு, அப்பவும் மூணு சதவீதத்துக்குக் கிட்டதான் வருது.

ஆனா இது உலகம் பூரா சமமா தெளிச்சு விட்ட மாதிரி இருக்காது, கேபிளும் சப்ஸ்டேஷனும் வரிச்சலுகையும் எங்க இருக்கோ அங்க கும்பலா போய் உக்காந்துக்கும். அயர்லாந்துல 2015ல மொத்த கரண்ட்ல 5 சதவீதம் டேட்டா சென்டருக்குப் போச்சு, 2023ல 21 சதவீதம். அந்த நாட்டு நகரத்து வீடுங்க எல்லாம் சேர்ந்து எடுத்ததே 18 சதவீதம்தான், யோசிச்சுப் பாருங்க. அமெரிக்கால வர்ஜீனியா மாநிலத்துல நாலுல ஒரு பங்கு கரண்ட் இதுக்கே போகுது. அதுலயும் லவுடன் கவுண்டினு (கவுண்டினா நம்ம மாவட்டம் மாதிரி) ஒரு இடத்துல, ஆஷ்பர்ன் பக்கம், நெருக்கி நெருக்கி கட்டி வச்சிருக்காங்க. உலகக் கணக்க காட்டி ஊர்க் கணக்க மறைக்குறது இந்தப் பேச்சுல ரொம்ப பழைய வேலை.

இன்னொண்ணு, நியாயமா சொல்லணும். 2010ல இருந்து 2018 வரைக்கும் டேட்டா சென்டர்ல நடக்குற வேலை ஆறு மடங்குக்கு மேல ஏறுச்சு, கரண்ட் மட்டும் சுமார் 6 சதவீதம்தான் கூடுச்சு. அந்த அளவுக்கு சர்வரையும் கூலிங்கையும் சிக்கனமா ஆக்கிட்டாங்க. அதனால "கரண்ட் தேவை வெடிச்சு ஏறப் போகுது"னு சொன்னவங்க அப்ப தோத்தாங்க. ஆனா ஈஸியா மிச்சம் பிடிக்க முடிஞ்சத எல்லாம் அப்பவே பிடிச்சாச்சு, ஏஐ வந்ததுக்கு அப்புறம் அந்தக் கோடு மேல திரும்பிடுச்சு. அமெரிக்கால மட்டும் 2023ல 17,600 கோடி யூனிட், அந்த நாட்டு கரண்ட்ல 4.4 சதவீதம், 2028ல இது 6.7ல இருந்து 12 சதவீதம் வரைக்கும் போகலாம்னு அமெரிக்க அரசோட லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் சொல்லுது. அந்த இடைவெளிய பாத்தீங்களா, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வித்தியாசம். லைன் போடுறவன் இதுல எத நம்பிப் போடுவான்.

ஏஐ கிட்ட ஒரு கேள்வி கேட்டா ஒரு பாட்டில் தண்ணி போயிடுமாமே?

அது பாதி உண்மை, ஃபார்வர்டுல வந்து வந்து கெட்டுப் போச்சு. 2023ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ரிவர்சைடு ஆளுங்க போட்ட கணக்கு என்னன்னா ஜிபிடி-3ங்குற ஏஐ மாடல்ல 10ல இருந்து 50 பதிலுக்கு அரை லிட்டர், அதுவும் கரண்ட் தயாரிக்கற இடத்துல போற தண்ணியையும் சேத்து. ஒரு கேள்விக்கு இல்ல. 2025ல கூகுள் சொன்னது ஜெமினிங்குற அவங்க ஏஐல ஒரு சராசரி டெக்ஸ்ட் கேள்விக்கு 0.24 வாட் அவர் (1,000 வாட் அவர்னா ஒரு யூனிட்), 0.26 மில்லி தண்ணி, அதாவது அஞ்சாறு சொட்டு. இதுல கரண்ட் தயாரிக்கப் போற தண்ணி சேராது, அதனால ரெண்டு நம்பரையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டா தப்பா போகும்.

எனக்கு இந்தக் கேள்வியே பிடிக்காது. பழிய தூக்கி கேள்வி கேக்குறவன் மேல போடுது, "நீ ஒரு மெயில் எழுதச் சொன்னதாலதான் ஆறு வத்துது"ங்குற மாதிரி. ஒரு கட்டடம் ஒரு ஊரோட குழாய்ல இருந்து ஒரு கோடை நாள்ல எவ்ளோ எடுக்குதுங்குறதுதான் கேக்க வேண்டியது.

அந்தத் தண்ணி சுத்திச் சுத்தித்தானே ஓடுது, எங்க காலியாகுது?

ரெண்டு சுத்து இருக்கு, அத கலந்துடுறதாலதான் இந்தக் குழப்பம். சர்வர் பக்கத்துல குழாய்க்குள்ள ஓடுறது மூடின சுத்து, கார் ரேடியேட்டர் மாதிரி, ஒரு தடவ ரொப்புனா ரொம்ப நாள் வரும். கம்பெனி விளம்பரத்துல "மூடின சுழற்சி"னு சொல்றது இதைத்தான். ஆனா அந்தச் சூட்ட எங்கயாவது கொட்டணுமே? பல இடத்துல அது கூலிங் டவருக்குப் போகும், அங்க தண்ணிய ஆவியாக்கித்தான் சூட்ட காத்துல விடுறாங்க. அந்த ஆவி திரும்ப வராது.

கணக்கு ரொம்ப சிம்பிள், ஸ்கூல் பாடம்தான். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகுறதுக்கு கிட்டத்தட்ட 24 லட்சம் ஜூல் எடுத்துக்கும், ஒரு யூனிட் கரண்ட்னா 36 லட்சம் ஜூல், அப்ப ஒரு யூனிட் சூட்ட முழுசா ஆவில தள்ளணும்னா சுமார் ஒண்ணரை லிட்டர். 100 மெகாவாட் சென்டர் ஃபுல்லா ஓடுனா ஒரு நாளைக்கு 24 லட்சம் யூனிட், அப்ப 36 லட்சம் லிட்டர். எல்லா நாளும் இவ்ளோ ஆகாது, குளிர் நாள்ல வெளிக்காத்தே போதும், அதனாலதான் வருஷ சராசரி அழகா தெரியும். ஊருக்குத் தண்ணி இல்லாத அந்த மூணு மாசத்துலதான் இதுக்கும் அதிகமா தேவைப்படும். சராசரிய சொன்னா நம்பாதீங்க, உச்சத்த கேளுங்க.

இது போக, ஆவியாக ஆவியாக மிச்சத் தண்ணில உப்பு ஏறிட்டே போகும், குழாய் அடைக்கும், அதனால அப்பப்போ அத வெளிய தள்ளிட்டு புதுத் தண்ணி விடணும். அப்படித் தள்ளுற தண்ணில உப்பும் பாசி பிடிக்காம போடுற கெமிக்கலும் இருக்கும், அது ஊர் சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகுது. அந்த நிலையத்துக்கு அவ்ளோ தாங்குமானு யாரும் கேக்குறதில்ல.

தண்ணியே வேண்டாத டைப் இருக்காமே, அதப் போடச் சொன்னா முடிஞ்சுதே?

இருக்கு. பெரிய ஃபேன், சில்லர் வச்சு ஏசி மாதிரியே சூட்ட வெளிய தள்றது. ஆனா கரண்ட் கூட இழுக்கும், சத்தமும் ஜாஸ்தி. அந்தக் கூடுதல் கரண்ட தயாரிக்கிற அனல் மின் நிலையமும் தண்ணி குடிக்கும், அது வேற ஊர்த் தண்ணி, கணக்குலயே வராது. அமெரிக்காவுல 2023ல டேட்டா சென்டருக்குள்ள நேரடியா போன தண்ணி 6,600 கோடி லிட்டர், அதுங்களுக்குக் கரண்ட் தயாரிக்கப் போனது கிட்டத்தட்ட 80,000 கோடி லிட்டர். பன்னெண்டு மடங்கு. அதனால தண்ணிப் பஞ்சம் இருக்குற இடத்துல காத்துக் கூலிங்தான் சரி, அந்தக் கரண்ட் சோலார், காத்தாலைல இருந்து வந்தா இன்னும் சரி. சாக்கடைத் தண்ணிய சுத்தம் பண்ணி யூஸ் பண்றதும் நல்ல வழிதான், கடல் பக்கம் இருந்தா கடல் தண்ணியும் ஆகும், பின்லாந்துல ஹமினாங்குற இடத்துல மூடிக் கெடந்த காகித ஆலைய கூகுள் வாங்கி 2011ல இருந்து கடல் தண்ணிலதான் குளிர வைக்குது.

எவ்ளோ எடுக்குறாங்கனு கேட்டா சொல்லிடுவாங்களா?

ஹாஹா. அமெரிக்கால ஓரிகன் மாநிலத்துல தி டால்ஸ்னு ஒரு சின்ன டவுன், அங்க கூகுள் சென்டர் இருக்கு. ஒரு பத்திரிகைக்காரர் தண்ணிக் கணக்கு கேட்டார், டவுன் நிர்வாகம் "அது வியாபார ரகசியம்"னு சொல்லி பத்திரிகை மேலயே கேஸ் போட்டுச்சு. கூகுள் இல்லைங்க, டவுன் நிர்வாகம். ஒரு வருஷத்துக்கு மேல இழுத்து 2022 கடைசில சமரசம் ஆகி நம்பர் வெளிய வந்துச்சு, 2021ல சுமார் 134 கோடி லிட்டர், டவுன் மொத்தத் தண்ணில நாலுல ஒரு பங்குக்கும் மேல.

பல இடத்துல கம்பெனி பேரே கடைசி வரைக்கும் தெரியாது. ஏதோ ஒரு புதுப் பேர்ல லெட்டர்பேட் கம்பெனி நிலம் வாங்கும், ப்ராஜெக்ட்டுக்கு ஒரு கோட்பேர் இருக்கும், அதிகாரிங்க ரகசிய ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருப்பாங்க, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வர்றப்ப எல்லாம் முடிவாகிருக்கும். எனக்கு இதுதான் இந்த விஷயத்துலயே பெரிய கோபம், தண்ணியவிட. போட்டிக் கம்பெனிக்குத் தெரியக் கூடாதுங்குற காரணம் சர்வர் டிசைனுக்கு ஓகே, குடிதண்ணிக் குழாய்க்கு எப்படி ஓகே ஆகும்?

என் வீட்டு கரண்ட் பில் ஏறுமா?

ஏற வாய்ப்பு இருக்கு, ரெண்டு வழில. ஒண்ணு, அவங்களுக்காக புது சப்ஸ்டேஷன், புது ஹைடென்ஷன் லைன் போடணும், அந்தச் செலவு எல்லாரோட பில்லுலயும் பிரிச்சு விழும், தடுக்க ரூல் இல்லைன்னா. ரெண்டு, தேவை திடீர்னு ஏறி தயாரிப்பு ஏறலைன்னா சந்தை விலை ஏறும்.

அமெரிக்கால பிஜேஎம்னு ஒரு கிரிட், அதாவது மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்குற லைன் வலை, 13 மாநிலம், ஆறரைக் கோடி பேர். "நெருக்கடி வந்தா நான் கரண்ட் தர்றேன்"னு மின் நிலையங்க வாக்கு கொடுக்க ஏலம் விடுவாங்க. 2024-25க்கு ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கு 28.92 டாலர், அடுத்த வருஷத்துக்கு 269.92 டாலர், அதுக்கு அடுத்தது 329.17. மூணாவது இன்னும் மேல போயிருக்கும், உச்சவரம்பு வச்சதால நின்னுச்சு. டேட்டா சென்டர் மட்டுமே காரணம் இல்ல, பழைய நிலையங்க மூடுறது, கணக்கு போடுற ரூல மாத்துனது எல்லாம் இருக்கு, ஆனா பெரிய காரணம் இதுதான்னு அந்தச் சந்தைய கண்காணிக்கிறவங்களே சொன்னாங்க.

திடீர்னு கிரிட் பிரச்சனை வந்தா டேட்டா சென்டர்தான் முதல்ல அணையும்னு சொல்றாங்க, நல்லதுதானே?

அது அணையுற விதம் தெரிஞ்சா அப்படிச் சொல்ல மாட்டீங்க. 2024 ஜூலை 10, வடக்கு வர்ஜீனியால ஒரு 230 கிலோவோல்ட் லைன்ல மின்னல் தாங்கி ஒண்ணு ஃபெயில் ஆச்சு. லைன் தானா திரும்ப திரும்ப கனெக்ட் ஆகப் பாத்துச்சு, ஒவ்வொரு தடவையும் வோல்டேஜ் கொஞ்சம் இறங்குச்சு. டேட்டா சென்டர் யுபிஎஸ்ல ஒரு லாஜிக் இருக்கும், ஒரு நிமிஷத்துக்குள்ள மூணு தடவ இறங்குனா "கிரிட் சரியில்ல"னு பேட்டரிக்கு, ஜெனரேட்டருக்கு மாறிடும். சுமார் 60 சென்டர் ஒரே நேரத்துல அப்படி மாறுச்சு, 1,500 மெகாவாட் லோடு சில நொடில காணாம போச்சு. கரண்ட் பத்தலைங்குறது மட்டும் பிரச்சனை இல்ல, எடுக்க ஆளில்லாம திடீர்னு மிஞ்சுறதும் பிரச்சனைதான், வோல்டேஜும் ஃப்ரீக்வன்சியும் எகிறும். அன்னைக்கு சமாளிச்சுட்டாங்க. திரும்ப கிரிட்டுக்கு வர ஆள் போய் கையால மாத்த வேண்டியிருந்துச்சு, அதுக்கு மணிக்கணக்கு ஆச்சு.

டெக்சஸ் மாநிலத்துல 2025ல சட்டம் போட்டாங்க, 75 மெகாவாட்டுக்கு மேல புதுசா வர்றவங்க நெருக்கடில கிரிட் சொன்னா குறைக்கணும். இது நல்ல திசை.

நாங்க நூறு சதவீதம் சோலார், காத்தாலைல ஓடுறோம்னு போர்டு வச்சிருக்காங்களே?

பெரும்பாலும் அதுக்கு அர்த்தம், வருஷக் கடைசில கூட்டிப் பாத்தா நாங்க எடுத்த அளவுக்கு எங்கயோ ஒரு சோலார் பண்ணைல கரண்ட் வாங்கிருக்கோம்ங்குறது. ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க ஊர் லைன்ல வர்றது அந்த சோலார் இல்ல. அது பொய்னு சொல்லல, புது சோலார் பண்ணை வர்றதுக்கு இந்தக் காசு உதவிருக்கு. ஆனா கூகுளே 2024ல வெளியிட்ட அறிக்கைல 2019ஓட ஒப்பிட்டா 2023ல அவங்க கார்பன் வெளியேற்றம் 48 சதவீதம் கூடிருக்குனு ஒத்துக்குச்சு, மைக்ரோசாஃப்டும் 2020ல இருந்து 29 சதவீதம் கூடுச்சுனு சொல்லுச்சு, இதுல கட்டடத்துக்குப் போன சிமென்ட், ஸ்டீல், சிப் தயாரிப்பும் பெரிய பங்கு. அமெரிக்கால மூடிக் கெடந்த த்ரீ மைல் ஐலண்ட் அணு உலைய, 1979ல விபத்து நடந்த உலை இல்ல அதுக்குப் பக்கத்துல இருந்தது, திரும்ப ஓட்ட மைக்ரோசாஃப்ட் 20 வருஷ ஒப்பந்தம் போட்டுச்சு 2024ல, 835 மெகாவாட்.

அவசரம் இருக்குறவங்க கேஸ் டர்பைன கொண்டு வந்து வாசல்லயே வச்சுடுறாங்க. அமெரிக்கால மெம்ஃபிஸ் நகரத்துல ஈலான் மஸ்க்கோட எக்ஸ்ஏஐ கம்பெனி 2024ல ஒரு பழைய ஃபேக்டரிய எடுத்து நாலு மாசத்துல சூப்பர் கம்ப்யூட்டர் ஓட்டுச்சு, கிரிட் லைன் அவ்ளோ சீக்கிரம் வராதே, அதனால கேஸ் டர்பைன், பெர்மிட் வாங்காம. 35 வரைக்கும் இருந்துச்சுனு சட்ட அமைப்பு ஒண்ணு வான்படம் எடுத்துக் காட்டுச்சு. தற்காலிகம், பெர்மிட் தேவையில்லைங்குறது அந்தப் பக்க வாதம். 2025 ஜூலைல 15 டர்பைனுக்கு பெர்மிட் கொடுத்தாங்க. பக்கத்துல பாக்ஸ்டவுன், கறுப்பின மக்கள் தலைமுறையா இருக்குற இடம், ஏற்கெனவே சுத்தி ஆலைங்கதான். இந்த மாதிரி விஷயம் எந்த ஏரியாவுக்குப் போய்ச் சேருதுனு கவனிச்சா ஒரு பேட்டர்ன் தெரியும்.

சத்தம் அவ்ளோ பெரிய பிரச்சனையா?

ரோட்டுச் சத்தம் ராத்திரி குறையும், இது குறையாது, அதான் வித்தியாசம். ஃபேன், சில்லர் எல்லாம் சேர்ந்து ஒரே "ம்ம்ம்"னு ரீங்காரம், வருஷம் முழுக்க. டெசிபல் மீட்டர் வச்சா லிமிட்டுக்குள்ளதான் காட்டும், ஏன்னா வழக்கமா எடுக்குற ஏ அளவீடு அடித்தொனிய குறைச்சுக் காட்டும், ஆனா சுவர் தாண்டி பெட்ரூமுக்குள்ள வர்றது அந்த அடித்தொனிதான். அடித்தொனியையும் சேத்துக் காட்டுற சி அளவீட்டுலயும் எடுக்கச் சொல்லுங்க, ராத்திரில எடுக்கச் சொல்லுங்க. அமெரிக்கால அரிசோனா மாநிலத்து சாண்ட்லர் நகரத்துல வருஷக்கணக்கா புகார் வந்து 2022ல தனி சட்டமே போட்டாங்க.

டீசல் ஜெனரேட்டர்?

பவர்கட் அடிக்கடி இல்லாத இடத்துல வருஷத்துல கொஞ்ச மணி நேரம்தான் ஓடும், ஆனா மாசாமாசம் டெஸ்ட் பண்ணுவாங்க. ஒரு சென்டருக்குப் பத்து இருபது சர்வ சாதாரணம், அது ஒவ்வொண்ணும் லாரி சைஸ். ஸ்கூல் பக்கத்துல இருந்தா டெஸ்ட் எந்த நேரம்னு கேட்டு வாங்கிடுங்க.

வேலைவாய்ப்பு, வரி வருமானம்?

வேலை கட்டுறப்ப நிறைய, அப்புறம் கம்மி. வர்ஜீனியா சட்டமன்றத்தோட ஆய்வுக் குழு 2024 டிசம்பர்ல போட்ட அறிக்கைப்படி கட்டுறப்ப உச்சத்துல 1,500 பேர், ஓட ஆரம்பிச்சா இரண்டரை லட்சம் சதுர அடி சென்டருக்கு சுமார் 50 பேர், அதுல பாதி கான்ட்ராக்ட்.

வரி வேற கதை, இங்க எதிர்ப்பாளருங்க கொஞ்சம் நேர்மையா இருக்கணும். லவுடன் கவுண்டில ஸ்கூல், ரோடு எல்லாத்துக்கும் பெரிய காசு இதுல இருந்துதான் வருது, வீட்டு வரிய குறைக்கக்கூட முடிஞ்சுது. ஆனா அது சர்வர் மேலயே வருஷா வருஷம் வரி போடுற ஊர். வரிய மொத்தமா விட்டுக்கொடுத்துட்டுக் கூப்பிடுற ஊருக்கு இந்த உதாரணம் பொருந்தாது, மேடைல மட்டும் லவுடன் பேர இழுப்பாங்க.

அந்தச் சூட்ட வீணாக்காம யூஸ் பண்ண முடியாதா?

குளிர் நாட்டுல முடியும். பின்லாந்துல மேன்ட்சலாங்குற ஊர்ல டேட்டா சென்டர் சூட்டுலதான் வீடுங்க சூடாகுது. ஜெர்மனில 2026 ஜூலைல இருந்து ஓட ஆரம்பிக்குற புது சென்டர் குறைஞ்சது 10 சதவீத சக்திய மறுபடி பயன்படுத்தணும்னு சட்டம். வெயில் நாட்டுல வாங்க ஆள் இல்ல, யாராவது அத பெரிய பிளஸ் பாயின்ட்டா சொன்னா சிரிச்சுக்கலாம்.

எதிர்த்து யாராவது ஜெயிச்சிருக்காங்களா?

நிறைய. சிலி தலைநகர் சாண்டியாகோ பக்கத்துல செரில்லோஸ்ல கூகுள் நொடிக்கு 169 லிட்டர் நிலத்தடி நீர் எடுக்க அனுமதி வாங்கிருந்துச்சு, அதாவது ஒரு நாளைக்கு ஒண்ணரைக் கோடி லிட்டர் கிட்ட, அதுவும் வருஷக்கணக்கா வறட்சி இருந்தப்ப. உள்ளூர் பெண்கள் அந்த ஃபைல தோண்டி எடுத்து கிளப்புனாங்க, 2024ல சுற்றுச்சூழல் கோர்ட் அனுமதிய ஓரளவு திருப்பிப் போட்டுச்சு, கூகுள் காத்துக் கூலிங்ல புதுசா ஆரம்பிக்கிறேன்னு சொல்லுச்சு. உருகுவேல 2023ல தலைநகர் குழாய்ல உப்புத் தண்ணி வந்துட்டு இருந்தப்ப நாளைக்கு 76 லட்சம் லிட்டர் கேக்குற திட்டம் வெளிய வந்துச்சு, எதிர்ப்புக்கு அப்புறம் அதையும் காத்துக் கூலிங்கா மாத்தி சின்னதாக்குனாங்க. அரிசோனால டூசான் நகர சபை 2025 ஆகஸ்ட்ல ப்ராஜெக்ட் ப்ளூங்குற பெரிய டேட்டா சென்டர் திட்டத்த ஒருமனதா வேண்டாம்னுச்சு. அதே மாசம் வர்ஜீனியால அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த மனாசஸ் பக்கத்துல 2,100 ஏக்கர் திட்டத்தோட அனுமதிய கோர்ட் ரத்து பண்ணுச்சு, காரணம் என்ன தெரியுமா, பொதுக்கூட்ட நோட்டீஸ் சரியா போடல. தண்ணியும் கிடையாது, சத்தமும் கிடையாது, நோட்டீஸ். பேப்பர ஒழுங்கா படிக்கிற ஒருத்தர் கூட்டத்துல இருந்தா போதும் சில சமயம்.

சிங்கப்பூர் 2019ல புது அனுமதிய நிறுத்தி வச்சு 2022ல கண்டிஷனோட திறந்துச்சு, அயர்லாந்து டப்ளின் பக்கம் புது கனெக்‌ஷன இழுத்துப் பிடிச்சுச்சு. நிறுத்துனா கம்பெனி ஓடிடும்னு சொல்றவங்களுக்கு இத காட்டலாம், புதுசா கட்ட வந்ததுல சிலது பக்கத்து மலேசியாவுக்குப் போச்சு, ஆனா சிங்கப்பூர் இன்னும் பெரிய மையம்தான்.

கூட்டத்துக்குப் போனா என்ன கேக்கணும்?

கையெழுத்தாகுறதுக்கு முன்னாடி, எழுத்துல. முழுசா கட்டி முடிச்சா எத்தனை மெகாவாட், முதல் கட்டம் மட்டும் சொன்னா விடாதீங்க. ரொம்ப வெயிலான நாள்ல எத்தனை லிட்டர், வறட்சி அறிவிச்சா எவ்ளோ குறைப்பாங்க. தண்ணிக் கணக்க மாசாமாசம் வெளியிடுவாங்களா. டர்பைனோ ஜெனரேட்டரோ எத்தனை மணி நேரம். வரிச்சலுகை எத்தனை வருஷம், அதுக்கு ஈடா என்ன. ஒரு கேள்விக்கு "பின்னாடி சொல்றோம்"னு பதில் வந்தா அதையும் கூட்ட நடவடிக்கைக் குறிப்புல ஏத்தச் சொல்லுங்க.

கம்பெனிக்காக லைன், சப்ஸ்டேஷன் எல்லாம் போட்டதுக்கு அப்புறம் அவங்க வராமலே போயிட்டா?

இதத்தான் நிறைய பேர் கேக்க மறந்துடுறாங்க. சர்வர் அஞ்சாறு வருஷத்துல பழசாயிடும், லைனுக்கு முப்பது நாப்பது வருஷம் பில்லுல காசு பிடிப்பாங்க. அது போக ஒரே கம்பெனி அஞ்சு ஊர்ல கனெக்‌ஷன் கேட்டு வச்சுட்டு ஒரு ஊர்ல மட்டும் கட்டுறது ரொம்ப சகஜம், மின்வாரியம் அஞ்சையும் நம்பி ப்ளான் போடும்.

ஒஹையோ மாநிலத்துல 2025 ஜூலைல இதுக்கு ஒரு ரூல் கொண்டு வந்தாங்க. 25 மெகாவாட்டுக்கு மேல கேக்குற புது டேட்டா சென்டர், எடுத்தாலும் எடுக்கலைன்னாலும், கேட்டதுல குறைஞ்சது 85 சதவீதத்துக்கு 12 வருஷம் வரைக்கும் காசு கட்டணும், பாதில போனா அபராதம். அதுக்கு முன்னாடி வரிசைல கேட்டு நின்னது 30,000 மெகாவாட்டுக்கு மேல. ரூல் வந்ததும் 13,000 ஆயிடுச்சு.